போன கோடையின் பூக்கள்

தோட்டம் வைத்திருக்கிறவர்களிடம் வசந்தத்தில் பேசினால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்லைங்க, காலையில எழுந்து பார்த்தா மொத்தமும் பூத்து நிக்குது." கூடவே ஒரு போட்டோவும் வரும். நானும் "அட, பிரமாதம்" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்துகொண்டே இருக்கும். அவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. வெறும் மண்ணாகக் கிடந்த பாத்தியில் குரோக்கஸ் தலைகாட்டுவதும், இலையே இல்லாத ஃபோர்சிதியாக் கிளை முழுக்க மஞ்சளாக மாறுவதும் பார்க்கிறவர் கண்ணுக்குத் திடீரென்றுதான் நடக்கின்றன. ஆனால் இந்தத் 'திடீர்' நினைப்பு தோட்டத்துக்கு நிஜமாகவே கெடுதல் செய்கிறது என்பது என் கட்சி. பூவை வசந்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால், அதை உண்டாக்கிய மாதங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்காமல் விட்டால்கூடப் பரவாயில்லை, அந்த மாதங்களில்தான் கத்தரியோடு தோட்டத்தில் இறங்குகிறார்கள்.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் லைலாக் புதர் ஒன்று உண்டு. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தது. அவர் எதையும் நறுவிசாக வைத்துக்கொள்கிற மனிதர், செடி ஒன்று கண்டபடி கிளைவிட்டு நிற்பது அவருக்குப் பொறுக்காது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சி குச்சியாக நிற்கும்போது, செடி தூங்குகிறது, இதுதான் வெட்டச் சரியான நேரம் என்று சுற்றிலும் ஒரே மட்டமாக வெட்டிவிடுவார். வசந்தத்தில் இலை கொழுகொழுவென்று வரும். பூ மட்டும் ஒன்றுகூட இருக்காது. செடி விற்ற பண்ணைக்காரரைக் குறை சொன்னார், மண்ணைக் குறை சொன்னார், எலும்புத்தூள் போட்டார், நிழல் விழுகிறது என்று பக்கத்து மரத்தின் கிளையைக் கழித்தார். அடுத்த குளிர்காலம் வந்ததும் மறுபடி அதே மட்டமான வெட்டு. "வயசாயிடுச்சு போல, இனிமே பூக்காது" என்று ஒருநாள் அவர் அலுத்துக்கொண்டபோது, "அண்ணே, மொட்டையெல்லாம் நீங்களே வெட்டிக் குப்பையில போட்டுட்டீங்க" என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "பனியில ஏதுப்பா மொட்டு?" என்றார். நியாயமான கேள்விதான். நான் கேள்விப்பட்டதைத்தான் சொன்னேனே தவிர, என் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

கிழங்கை அறுத்தபோது

பார்க்கக் கிடைத்தது லைலாக்கில் இல்லை, துலிப்பில். இலையுதிர்காலத்தில் துலிப் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தபோது ஒன்றில் மண்வெட்டியின் விளிம்பு பட்டு ஒரு பக்கம் சிதைந்துவிட்டது. நட்டால் அழுகும். தூக்கிப் போடுவதற்கு முன், உள்ளே என்னதான் இருக்கிறது என்று கத்தியை எடுத்து மேலிருந்து கீழாக நேர் பாதியாக அறுத்தேன். வெளியே பழுப்பு நிறத்தில் காகிதம் போன்ற தோல். அதற்குள் வெங்காயத்தைப் போலவே ஒன்றையொன்று சுற்றிய வெள்ளைச் சதை அடுக்குகள். அடியில் தட்டையாக ஒரு வட்டு, வேர் கிளம்புகிற இடம். இதுவரை எதிர்பார்த்ததுதான். நட்டநடுவில், அந்த வட்டின்மேல் நேராக நின்றுகொண்டிருந்தது வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு குருத்து. ஊசியால் அதன் இலைகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். கடைசி இலைக்கும் உள்ளே சில மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பூ இருந்தது.

பூவாக ஆகப்போகிற ஏதோ ஒரு திரட்சி என்று நினைத்துவிட வேண்டாம். பூவேதான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் 6 இதழ்கள், அவற்றுக்குள் 6 மகரந்தத் தாள்கள், நடுவில் மூன்று மடலாகப் பிரிந்த சூலகம். துலிப்பில் எண்ணிப் பார்க்கக்கூடிய உறுப்புகள் எல்லாம் எண்ணிக்கை பிசகாமல் இருந்தன. நிறம் மட்டும் இன்னும் ஏறவில்லை, எல்லாமே பச்சை கலந்த வெள்ளை. மகரந்தத் தாள்கள்தான் பருமனாக, இதழ்களை நெருக்கிக்கொண்டு இருந்தன. அட்டைப்பெட்டியில் அடைந்து கிடக்கும் மற்ற கிழங்குகளைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனைக்குள்ளும் இதே மாதிரி ஒவ்வொரு பூ. வசந்தம் வர இன்னும் ஒரு குளிர்காலம் முழுதாகப் பாக்கி இருந்தது. பார்க்கப்போனால் அந்த மௌனமான பருவத்துக்கு முன்பே வேலை முடிந்துவிட்டிருந்தது.

இது எப்போது உருவானது என்பதைத் தேடிப் படித்தபோதுதான் கணக்கு முழுதாகப் புரிந்தது. வடகோளத்தில் துலிப் பூத்து ஓய்ந்து, ஜூன் வாக்கில் இலையும் காய்ந்து, பாத்தியில் இருந்த அடையாளமே போய்விடும். நாம் செடி ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கோடையில்தான், மண்ணுக்குள்ளோ கிடங்கின் அலமாரியிலோ கிழங்கு சும்மா கிடப்பதாகத் தோன்றும்போது, உள்ளே வளர்நுனி முதலில் அடுத்த வருஷத்து இலைகளையும், பிறகு இதழ், மகரந்தத் தாள், சூலகம் என்று வரிசையாகப் பூவையும் கட்டுகிறது. 1920களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் பிளாவ் என்ற தாவரவியலாளரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் கிழங்குகளைக் காலவாரியாக அறுத்து அறுத்து இந்த வரிசையைப் பதிவு செய்தார்கள். சூலகம் உருவாகிவிட்ட கட்டத்துக்குக் கிழங்கு வளர்ப்பவர்கள் 'ஜி நிலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர் அறையில் வைத்துச் சீக்கிரம் பூக்க வைக்கப்போகும் கிழங்கு என்றால், மாதிரிக்குச் சிலவற்றை அறுத்து அந்த நிலை வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே உள்ளே வைப்பார்கள். அதற்கு முன் குளிர் பட்டால் பூ கெடும். டாஃபடில் இன்னும் அவசரக்காரன். இந்த வருஷத்து இலை பச்சையாக நிற்கும்போதே, மே, ஜூன் மாதங்களில், அடியில் அடுத்த வருஷத்துப் பூவைத் தொடங்கிவிடும்.

லைலாக், ஃபோர்சிதியா, மக்னோலியா, செர்ரி, அசேலியா எல்லாமே இந்தச் சாதிதான். பூ உதிர்ந்து சில வாரங்களில் புதுக் கிளை வளர்ந்து, கோடையிலேயே அதன் மொட்டுக்குள் பூவுறுப்புகள் தயாராகிவிடும். இலையுதிர்ந்த லைலாக் கிளையின் நுனியைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டிரண்டாகக் குண்டு மொட்டுகள் உட்கார்ந்திருக்கும். கீழே வரவர மெலிந்த மொட்டுகள். குண்டாக இருப்பவற்றுக்குள் பூங்கொத்து, மெலிந்தவற்றுக்குள் வெறும் இலை. மட்டமாக வெட்டும்போது முதலில் போவது நுனிதானே. நண்பர் வீட்டுச் செடிக்கு வியாதியும் இல்லை, வயசும் ஆகவில்லை.

குளிர் செய்கிற வேலை

சரி, கோடையிலேயே பூ தயார் என்றால் குளிர்காலம் எதற்கு? இலையுதிர்காலத்திலேயே மலர்ந்து தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். குளிர்தான் பூவை உண்டாக்குகிறது என்பது சில செடிகளில் நிஜம். குளிருக்கு முன் விதைத்து வசந்தத்தில் கதிர்விடும் ரை (rye) என்ற தானியம் அப்படி. முளையில் குளிர் பட்டால்தான் அது கதிர்விடும் என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் காஸ்னர் 1918இல் சோதித்துக் காட்டினார். ஃபாக்ஸ்குளோவ் போன்ற ஈராண்டுச் செடிகளும் அந்த வகை. துலிப்பில் கதை வேறு. பூ ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தூக்கி மேலே கொண்டுவரும் தண்டு நீள்வதற்குத்தான் குளிர் வேண்டும். 9 டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்குக் கீழோ சுமார் 12 முதல் 16 வாரம். அது கிடைக்காவிட்டால் தண்டு குட்டையாகவே நின்றுவிடும். பூ இலைகளுக்கு நடுவிலேயே தரையோடு தரையாக விரியும், இல்லையென்றால் உள்ளேயே காய்ந்து கருகும்.

குளிர் இல்லாத இடங்களில் ஆசைப்பட்டுத் துலிப் வளர்ப்பவர்கள் கிழங்கை ஃபிரிட்ஜில் வைப்பது இதனால்தான். அப்படி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆப்பிள் மாதிரி பழுக்கிற பழங்களோடு சேர்த்து வைத்தால் அவ்வளவு குளிரும் வீண். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் அந்தக் குட்டிப் பூவைச் சாகடித்துவிடும். வெளியே கிழங்கு கல் மாதிரி திடமாகத்தான் இருக்கும், நட்டால் இலையும் வரும். அறுத்துப் பார்க்காதவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. நானும் அந்தச் சிதைந்த கிழங்கை அறுத்திராவிட்டால் இதை ஏதோ ஏட்டுச் செய்தியாகத்தான் படித்திருப்பேன். உள்ளே இறக்க ஒரு பூ இருக்கிறது என்பதே முதலில் மண்டையில் ஏற வேண்டும்.

மரங்களின் மொட்டுகள் இன்னும் ஜாக்கிரதை. முதலில் குளிரை எண்ணும், அப்புறம் வெப்பத்தை எண்ணும். பழமரம் வளர்ப்பவர்கள் 7.2 டிகிரிக்குக் கீழே போகிற நேரத்தைக் குளிர்மணி என்று கணக்கு வைப்பார்கள். ஆப்பிளில் பழைய ரகங்கள் பலவற்றுக்கு 800 முதல் 1,000 மணி நேரம் தேவை. அந்தக் கணக்கு நிறையும் வரைக்கும் நடுக்குளிரில் ஒரு வாரம் வெயில் அடித்தாலும் மொட்டு ஏமாறாது. நிறைந்த பிறகுதான் ஒவ்வொரு நாளின் வெப்பமும் சேமிப்பில் சேரும். நாள்தோறும் உள்ள வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால் செடியின் பருவத்தைச் சொல்லலாம் என்பதை ரியோமூர் 1735இலேயே எழுதிவிட்டார். வெப்பமானிக்குத் தன் பெயரில் ஓர் அளவையே வைத்தவர் அவர். இன்றைக்கும் பூக்கும் தேதியைக் கணிக்கிற சூத்திரங்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டல்தான்.

கடைசி நாள் மட்டும் நிஜமாகவே வேகம். அந்த அளவில் என் நண்பர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். செல்களை உண்டாக்குகிற வேலை முன்பே முடிந்துவிட்டதால், வசந்தத்தில் நடப்பது பெரும்பாலும் அந்தச் செல்கள் தண்ணீர் ஏறி விரிவதுதான். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம். குரோக்கஸை வெயில் வந்துபோகிற ஒரு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேகம் மூடினால் மூடிக்கொள்ளும், வெயில் அடித்தால் சில நிமிஷங்களில் திறக்கும். சூடேறும்போது இதழின் உட்பக்கம் வேகமாக வளர்கிறது, குளிரும்போது வெளிப்பக்கம். ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றம்கூடக் குரோக்கஸுக்குப் போதும். ஃபெஃபர் என்ற ஜெர்மானியர் 1870களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். துலிப்பும் இப்படித்தான். ஆக, ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இதழ் கொஞ்சம் நீள்கிறது. முதல் நாள் போட்டோவையும் கடைசி நாள் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே பூ நன்றாகவே பெருத்திருக்கும்.

தேதி முன்னால் வருகிறது

பூ தயாராக இருந்து வெப்பத்துக்காக மட்டும் காத்திருக்கிறது என்பது தெரிந்த பிறகு, 'இந்த வருஷம் சீக்கிரமே பூத்துடுச்சு' என்று வரும் போட்டோக்களை முன்போல ரசிக்க முடிவதில்லை. கியோட்டோவில் செர்ரி முழுதாகப் பூக்கும் நாளைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அரசவைக்காரர்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதி வைத்தவை. 2021இல் அது மார்ச் 26. 1,200 வருஷத்துப் பதிவில் அதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் பூத்ததாக இல்லை. இங்கிலாந்தில் நார்ஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் ஸ்னோடிராப் முதலில் பூத்த நாள் போன்றவற்றைக் குறிக்க ஆரம்பித்தார். அவர் போன பிறகும் குடும்பத்தார் 1958 வரைக்கும் எழுதினார்கள். யாரும் கேட்காமல், எதற்கென்றும் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் இதைச் செய்ய முடியும் என்பதே எனக்கு வியப்பு. இப்படிப் பலர் எழுதிவைத்த லட்சக்கணக்கான குறிப்புகளைக் கூட்டிப் பார்த்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, பிரிட்டனில் 406 வகைச் செடிகளின் முதல் பூ, 1986க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் சராசரியாக ஒரு மாதம் போல முன்னால் வந்துவிட்டது என்றது.

பூ முன்னால் வந்தால் நல்லதுதானே என்று கேட்பவர் வீட்டில் மக்னோலியா இல்லை என்று அர்த்தம். மொட்டு முழுக்க ரோமம் போர்த்திக்கொண்டு குளிர்காலத்தைத் தாண்டுகிற மரம் அது. மூடியிருக்கும் வரை உறைபனியைத் தாங்கும். சூடான ஒரு வாரத்தை நம்பி அந்தப் போர்வையை உதறிவிட்டு இதழை விரித்த பிறகு ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், விடியும்போது மரம் முழுக்கப் பழுப்புக் கந்தல் தொங்கும். வேறு மொட்டும் கிடையாது. போன கோடையில் கட்டியது அவ்வளவுதான். அடுத்தது அடுத்த வருஷம்.

யாரும் போட்டோ எடுக்காத வாரங்கள்

இதனால்தான் டாஃபடில் இலையை முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பூ வாடியதும் நீளநீளமாகச் சாய்ந்து கிடக்கும் இலையை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, கொண்டை மாதிரி கட்டிவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த பூவுக்கான மாவுச்சத்தை அந்த இலைதான் சேர்க்கிறது, அதுவும் அந்த வாரங்களில்தான். மடித்துக் கட்டினால் வெயில் படுகிற பரப்பு போய்விடும். பூத்து ஓய்ந்த பிறகு குறைந்தது 6 வாரமாவது இலையைத் தொடக் கூடாது என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. புல்வெளியில் டாஃபடில் நட்டிருந்தால் அந்த இடத்தில் புல் வெட்டும் இயந்திரமும் போகக் கூடாது. தொடர்ந்து இரண்டு மூன்று வருஷம் சீக்கிரமே வெட்டிக்கொண்டு வந்தால், இலை மட்டும் வந்து பூ வராத குருட்டுக் கிழங்குகள்தான் மிஞ்சும்.

துலிப்பில் விஷயம் இன்னும் கறார். பூத்த கிழங்கு அந்த வருஷத்தோடு தீர்ந்துபோய்விடும். தோண்டி எடுத்து 'போன வருஷத்துக் கிழங்கு' என்று நாம் நடுவது நிஜத்தில் அதன் பிள்ளை. அதன் அடுக்குகளுக்கு இடையில் புதிதாக வளர்ந்தது. பூ ஓய்ந்த பிறகு இலை எவ்வளவு நாள் பச்சையாக நிற்கிறதோ அந்த அளவுக்குத்தான் பிள்ளை பருக்கும். ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் அது பூவைப் பற்றி யோசிக்கவே யோசிக்காது. வசந்தத்தில் அகலமாக ஒற்றை இலையை நீட்டிவிட்டு நிற்கும். பழைய பாத்திகளில் அங்கங்கே ஒற்றை இலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதெல்லாம் தெரியாமல் போவதற்கு நம் பக்கத்தில் ஒரு காரணமும் இருக்கிறது. மல்லிகையிலும் ரோஜாவிலும் பழகிய கைக்குக் கவாத்து என்றால் பூ. வெட்டினால் துளிர் வரும், துளிர் நுனியில் மொட்டுக் கட்டும். அந்த ஞானத்தை அப்படியே லைலாக்கிடம் கொண்டுபோனால் எடுபடாது. புதுக் கிளையில் பூப்பது எது, பழைய கிளையில் பூப்பது எது என்பதை மட்டும் செடி வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வசந்தத்தின் தொடக்கத்தில் இலைக்கு முன்னால் பூக்கிற புதர் எதுவாக இருந்தாலும் அது பழைய கிளைக்காரன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழுக்கும் இலை கண்ணை உறுத்துகிறது என்றால் அதற்கு வழி இருக்கிறது. என் பாத்தியில் டாஃபடிலுக்கு முன்னால் ஹோஸ்டா வைத்திருக்கிறேன். டாஃபடில் இலை மஞ்சளாகிச் சரிகிற நேரத்தில்தான் ஹோஸ்டா தன் அகன்ற இலையை விரிக்கும். பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. லைலாக்கை வெட்டியே ஆக வேண்டும் என்றால், கொத்து வாடிக்கொண்டிருக்கும்போதே வெட்ட வேண்டும். வாடிய கொத்துக்கு நேர் கீழே, இரு பக்கமும் ஒரு விரற்கடை நீளத்தில் இரண்டு இளந்துளிர்கள் கிளம்பியிருக்கும். அடுத்த வருஷத்துக் கொத்துகள் வரப்போவது அவற்றின் நுனியில். கத்தரியை அந்த இரண்டுக்கும் மேலே வைத்துக் கொத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டு, விதைக்கொத்துகள் பழுப்பாகக் காய்ந்து தொங்கினால் தொங்கட்டும். ஜூலைக்கு மேல் கத்தரி உள்ளேயே இருக்கட்டும்.